திராட்சை வேரில் மைக்கோரைசா (வேரோடு கூடி வாழும் பூஞ்சை) ஒட்டவில்லை, வழி சொல்லுங்கள்

110ஆர் என்ற ரக வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய, காய்ப்புக்கு வந்த திராட்சைக் கொடிகள். செம்மண், சொட்டுநீர். வெயில் ஏறியதிலிருந்து மதியமானால் பற்றுக்கம்பிகள் துவள்கின்றன, இலை ஓரம் கருகுகிறது, காய் சுருங்குகிறது.

வறட்சியைத் தாங்கட்டும் என்று போன பருவத்தில் ரைசோபேகஸ் இர்ரெகுலாரிஸ் என்ற மைக்கோரைசாப் பூஞ்சைத் தூளை வேரருகே குழி பறித்துப் போட்டேன். உழவை நிறுத்தினேன். வரிசைக்கு நடுவே தட்டைப்பயறு விதைத்தேன். மண்ணில் பூஞ்சைக்கொல்லி ஊற்றுவதில்லை.

அப்புறம் நுனிவேரைக் காரத்தில் வேகவைத்து, வினிகர் கலந்த மையில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சையின் நீல இழை அங்கொன்று இங்கொன்றுதான். பயறு வேரிலோ நன்றாகப் பரவியிருக்கிறது! மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம். அது இந்தப் பூஞ்சையை மட்டுப்படுத்தும், சரி. ஆனால் பயறும் அதே மண்ணில்தானே நிற்கிறது?

மணிச்சத்து இறங்கும்வரை காத்திருப்பதா, பயறின் வேர்மண்ணை அப்படியே கொடியடியில் சேர்த்துப் பார்ப்பதா?