கடல்.லோக்கல் போனில் திறக்கிறது, டெபியன் மடிக்கணினியில் திறக்கவில்லை

உவர்மலை வாசி (திருகோணமலை)

வணக்கம். குடும்பப் படங்களைப் போட்டு வைக்க வீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினி ஒன்று ஓடுகிறது. ரவுட்டர், சிம் போடுகிற 4ஜி வகை. கரண்ட் போய் வந்தால் பையின் ஐபி (வலையமைப்பு முகவரி எண்) மாறிவிடுகிறது. ரவுட்டரைத் தந்தவர்கள் அதன் அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை, அதனால் அங்கே ஐபியைக் கட்டிப்போட வழியில்லை. சரி, பெயர் சொல்லியே கூப்பிடுவோம் என்று பையின் ஈடிசி என்ற அமைப்புக் கோப்புறையில் இருக்கும் ஹோஸ்ட்நேம் கோப்பில் "கடல்" என்று மாற்றிவிட்டு ரீபூட் செய்தேன்.

அன்றிலிருந்து பையில் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓடும் கட்டளை) போட்டால் 'கடல் என்ற ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஒரு முணுமுணுப்பு. வேலை என்னவோ நடக்கிறது. அதைவிடப் பெரிய தலையிடி: என் போனில் கடல்.லோக்கல் திறக்கிறது, டெபியன் (லினக்ஸ்) மடிக்கணினியில் திறக்கவில்லை. என்எஸ்லுக்கப் என்ற பெயர் தேடும் கட்டளையில் கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லையாம். பையின் மெமரி கார்டை அழித்து முதலிலிருந்து தொடங்கவா?

நிலாவெளிக் காற்று

மடிக்கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பையின் ஐபியையும் பெயரையும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். முடிந்தது.

உவர்மலை வாசி

அடுத்த மின்வெட்டு வரைக்கும் முடிந்தது அண்ணா :)

கறுப்புத் திரை

தம்பி, கார்டில் கை வைக்காதீர்கள். இவை இரண்டும் வேறு வேறு கோளாறு.

முணுமுணுப்பு சின்ன விஷயம். பையின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் இன்னும் பழைய பெயர் இருக்கும். அதையும் "கடல்" ஆக்குங்கள்.

இனி மற்றது. என்எஸ்லுக்கப்பை இதற்கு நம்பக்கூடாது. அது நேரே, பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் சேவையகத்திடம், உங்கள் வீட்டில் ரவுட்டரிடம், போய்க் கேட்கும். லோக்கல் என்று முடியும் பெயர்கள் அங்கே பதிவாவதில்லை. அவற்றுக்கு எம்டிஎன்எஸ் என்று வேறு முறை: மடிக்கணினி 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353 போர்ட்டில், "கடல் யார்?" என்று வீடு முழுவதும் கேட்கக் கூப்பிடும். பையில் ஓடும் அவாஹி என்ற நிரல் "நான்தான்" என்று பதில் சொல்லும். போனில் திறக்கிறது என்றால் பை ஒழுங்காகப் பதில் சொல்கிறது. மடிக்கணினியும் அதே வைஃபையில்தானே? கெஸ்ட் வைஃபை என்றால் கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாது.

அதே வைஃபை என்றால், மடிக்கணினியில் அவாஹி ரிசால்வ் கட்டளையிலும் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கட்டளையிலும் (மற்ற நிரல்கள் பெயர் தேடும் வழி இது) அந்தப் பெயரைக் கொடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

உவர்மலை வாசி

ஓம், அதே வைஃபைதான். அவாஹி ரிசால்வ் ஐபியைச் சரியாகச் சொல்கிறது. கெட்என்ட் வாயே திறக்கவில்லை.

கறுப்புத் திரை

பிடிபட்டது. அவாஹிக்குத் தெரிகிறது, ஆனால் மற்ற நிரல்கள் அவாஹியிடம் கேட்பதில்லை. மடிக்கணினியின் ஈடிசியில், பெயரை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பைத் திறந்து 'ஹோஸ்ட்ஸ்' வரியைப் பாருங்கள். 'ஃபைல்ஸ்', 'டிஎன்எஸ்' இரண்டு மட்டும் இருக்கிறதா? அவற்றுக்கு நடுவில் 'எம்டிஎன்எஸ்4 மினிமல்' இருக்க வேண்டும். அதைத் தருவது லிப்என்எஸ்எஸ் எம்டிஎன்எஸ் என்ற மென்பொருள் பொதி. அவாஹியைப் போடும்போது பரிந்துரையாகக் கூடவே வந்திருக்குமே?

உவர்மலை வாசி

ஐயோ, என் கஞ்சத்தனம்தான். டேட்டா மிச்சம் பிடிக்கிறேன் என்று பரிந்துரைப் பொதிகள் எதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்தேன்! இப்போது அந்தப் பொதியைப் போட்டேன், வரி தானாகவே மாறியது. கெட்என்ட் பதில் சொல்கிறது, பிரவுசரில் படங்களும் வருகின்றன. சூடோவும் அமைதி.

அம்மாவின் பழைய போனில் மட்டும் பெயர் எடுபடவில்லை. ஆண்ட்ராய்டு 9.

கறுப்புத் திரை

அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு பிரவுசரில் லோக்கல் பெயர் எடுபடாது. அம்மாவுக்கு ஐபிதான். பையிலேயே என்எம்டியூஐ என்ற வலையமைப்புக் கருவியைத் திறந்து நிலையான ஐபி கொடுங்கள். ரவுட்டர் எந்த எண்வரை பங்கிடுகிறது என்று பார்க்க முடியாததால் கடைசி எண்ணை உயரமாக, 250 போல, வையுங்கள். முதலில் அந்த எண்ணைப் பிங் செய்து யாரும் பதில் தரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது முழு உத்தரவாதம் இல்லை, ஆனால் சின்ன வீட்டில் மோதுவது அபூர்வம்.

உவர்மலை வாசி

250 போட்டாயிற்று அண்ணா. அம்மா அந்த எண்ணைக் கலண்டரில் எழுதி வைத்திருக்கிறா, காஸ் சிலிண்டர் மாற்றிய திகதிக்குக் கீழே.