பின்பக்கம் வெயிலே படாத ஈர மண்ணு, பாத்தி போட முடியுமா?

பச்சமொளகா
எல்லாருக்கும் வணக்கம். எங்களது தெரஸ் வீடு (வரிசையா ஒட்டிக் கட்டுனது), சிங்கப்பூர்ல சிராங்கூன் பக்கம். பின்னாடி சுவத்துக்கும் லோங்காங்குக்கும் (வடிகாலுக்கும்) நடுவுல ஒரு 4 மீட்டர் நீளத்துக்கு மண்ணு சும்மா கெடக்கு. பக்கத்து வீட்டு மாமரம் மறைக்கிறதால காலைல கொஞ்ச நேரந்தான் வெயிலு, மழை பேஞ்சா சொதசொதன்னு ஆயிடுது, பாசி வேற. கோரைப்புல்லும் ஏதோ மஞ்சப்பூ கொடியும் மூடிக் கெடக்கு. கறிவேப்பில, மொளகா, கத்திரி போடலாம்னு ஆசை. களைக்கு மருந்தடிச்சா போதுமா?

லோங்காங்_ஓரம்
மருந்த விடுங்க, மொதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க. கூரைத்தண்ணி விழுதா, ஏர்கான் பைப்பு சொட்டுதா? அப்புறம் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி தண்ணிய ஊத்துங்க, மறுநாளும் அப்படியே நின்னா மண்ணு இறுகிப்போச்சுன்னு அர்த்தம், வீடு கட்டுனவங்க போட்ட களிமண்ணாத்தான் இருக்கும், அதை வெட்டி எடுத்து ஆகப்போறது ஒண்ணுமில்ல, மேல 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்க. சுவத்த ஒட்டிக் கட்டாதீங்க, ஓதம் உள்ள ஏறும். மண்ணு சரிஞ்சு லோங்காங்க அடைச்சாலும் வம்பு, தண்ணி தேங்கி ஏடிஸ் கொசு வந்துரும்.

தோசைக்கல்லு
அட்டப்பெட்டிய விரிச்சு மேல மண்ணு கொட்டுங்க, களை தானா செத்துரும். ஈசி.

ஈசூன்_அக்கா
தம்பி தோசைக்கல்லு, புல்லுக்கு அது சரி, கோரைக்கு நடக்காது. அது முனை ஊசி மாதிரி, அட்டையக் குத்திட்டு மேல வரும். வீட்டுச் சுவத்துகிட்ட ஈர அட்டையப் போட்டா கரையானுக்கு விருந்து வெச்ச மாதிரிதான். கோரைய இழுத்தா தழை மட்டும் கையோட வரும், கிழங்கு உள்ளயே நிக்கும். முள்ளுக்கரண்டியால கிளறி கிழங்கப் பொறுக்கணும், திரும்ப முளைக்க முளைக்க எடுத்துக்கிட்டே இருக்கணும், வேற வழி இல்ல (எங்க பாட்டி அந்தக் கிழங்கைக் காயவெச்சு குளியல்பொடில அரைப்பாங்க). மஞ்சப்பூ கொடி கணுவுக்குக் கணு வேர் விடும், வெட்டுனத குப்பைல கட்டிப் போடுங்க, உரக்குழில போடாதீங்க.

பச்சமொளகா, கோவிச்சுக்காதீங்க, உங்க லிஸ்ட்டு மூணுமே வெயில் கேக்குற செடி, அத வாசல்ல தொட்டியில வைங்க. பின்னாடி பாண்டான், வல்லாரை, சேம்பு, வெத்தல, டாவுன் காடோக் (வெத்தல மாதிரி ஒரு கீரை) எல்லாம் சும்மா செழிச்சு வரும். லெங்குவாஸ் (பேரரத்தை) வேணும்னா கொஞ்சம் வெளிச்சம் வர்ற ஓரமா வைங்க. அழகா இருக்குன்னு புரோமிலியாட் செடி மட்டும் வேணாம், இலைக்கு நடுவுல தண்ணி நிக்கும், கொசுதான். இன்னொண்ணு, மழை நேரத்துல வெறுங்கையோட சேத்துல எறங்காதீங்க, மெலியோய்டோசிஸ்னு ஒரு கிருமி நோய் மண்ணுலேருந்து வர்றது, வீட்டுல சர்க்கரை உள்ளவங்க இருந்தா இன்னும் கவனம். கையுறையும் பூட்ஸும் போட்டுக்குங்க.

பச்சமொளகா
ரொம்ப நன்றிக்கா. மாமியாருக்கு சர்க்கரை இருக்கு, அவங்கள எறங்க விடமாட்டேன். வெத்தலன்னதும் அவங்களுக்கு ஒரே குஷி. தேக்கா மார்க்கெட்டுல வாங்குற வெத்தலைய நட்டா வருமா?

ஈசூன்_அக்கா
வெறும் இலை வேர் விட்டாலும் கொடியா வராதும்மா. கணுவோட கொடித்துண்டு வேணும். எங்கிட்ட நெறைய இருக்கு, தனியா மெசேஜ் போடுங்க, வெட்டித் தரேன்.