சிவாலய ஓட்டத்தில் ‘கோவிந்தா கோபாலா’: ஒரு சந்தேகம்

தக்கலைவாசி:
தினமும் காலையில் உட்கார்ந்து ‘நமசிவாய’ ஜபம் செய்கிறேன். பதஞ்சலியின் யோக சூத்திரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருகிறேன். இந்த மாசியில், சிவராத்திரியை ஒட்டி நம் குமரி மாவட்டத்தில் நடக்கும் சிவாலய ஓட்டத்துக்குப் போக மாலை போடப் போகிறேன். ஓடுவதோ பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு. வாயில் வருவதோ ‘கோவிந்தா கோபாலா’ என்ற பெருமாள் நாமம். பீமனைப் புருஷாமிருகம் துரத்திய கதை தெரியும். ஆனாலும் ஜபம், தியானம் என்று சாதனை செய்கிறவன் நாமத்தை மாற்றலாமா? ஓடிக்கொண்டே சொல்கிற நாமம் மனத்தில் நிற்குமா?

திக்குறிச்சிக்காரன்:
தம்பி, கதை தெரியும் என்கிறீர்கள், அதன் முடிவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாதி மனிதன், பாதி மிருகமான புருஷாமிருகத்துக்குச் சிவனைத் தவிர வேறு பெயர் ஆகாது. பீமன் வாயில் கோவிந்த நாமம், கையில் கண்ணன் கொடுத்த ருத்ராட்சங்கள். ஒன்று விழுந்த இடமெல்லாம் லிங்கம். துரத்தி வந்த கோபத்தையும் மறந்து அது பூசையில் உட்கார்ந்துவிடுகிறது. கடைசியில் பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்குள், ஒரு கால் வெளியே. தம்பி என்றும் பாராமல், பாதி உடல் புருஷாமிருகத்துக்கே என்று தர்மர் தீர்ப்புச் சொல்கிறார். முஞ்சிறைத் திருமலையில் தொடங்குகிற ஓட்டம் திருநட்டாலத்தில் முடிகிறது. அங்கே இருப்பவர் சிவனும் பெருமாளும் ஓருருவான சங்கரநாராயணர். ‘என் சாமி, உன் சாமி’ என்ற பிடிவாதம் கரையத்தான் இத்தனை தூரம் ஓடுகிறோம். உங்கள் நாமத்தை யாரும் பறிக்கவில்லை.

நட்டாலத்து அக்கா:
சிவராத்திரி அன்று எங்கள் வீட்டு வாசலில் சுக்குநீர் வைப்போம். சாயங்காலம் வருகிறவர்களின் காவித்துண்டு காய்ந்தும் காயாமலும் இருக்கும், கையில் பனையோலை விசிறி. பலருக்குத் தொண்டை கட்டியிருக்கும். ‘கோவிந்தா’ என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தால் ‘கோபாலா’ என்று மற்றவர்களின் உதடு மட்டும் அசையும். டம்ளரை வாங்கும்போதும் அது நிற்காது.

திக்குறிச்சிக்காரன்:
அக்கா சொன்னதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, அதற்கும் உள்ளே போனால் மானசம். உட்கார்ந்து பழகுகிறவர்களுக்கு இதற்கு நெடுநாள் ஆகும். ஓட்டத்தில் உடம்பே அங்கே கொண்டுபோய்விடுகிறது. தவம், சுவாத்யாயம் என்கிற ஓதுதல், ஈஸ்வரப் பிரணிதானம் என்கிற இறைவனிடம் ஒப்படைப்பு மூன்றும் சேர்ந்ததுதான் கிரியா யோகம் என்று நீங்கள் படிக்கும் யோக சூத்திரத்தின் சாதன பாதம் தொடங்குகிறது அல்லவா? சுவாத்யாயத்தில் ஜபமும் அடக்கம் என்கிறது அதன் உரையான வியாச பாஷ்யம். விரதமும் வெறுங்காலும் தவம். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து ஈரத்துணியோடு நின்று சாமிக்கு விசிறுகிறோமே, அதைவிடப் பிரணிதானம் எது? பைக்கில் சுற்றி வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு உடம்பில் தெம்பு இருந்தால் ஓடியே போங்கள்.

தக்கலைவாசி:
அப்படியானால் காலை ஜபம்?

திக்குறிச்சிக்காரன்:
நமசிவாயமாகவே இருக்கட்டும். மாலை போட்ட பிறகும் விடாதீர்கள். ஓட்டத்தன்று மட்டும் கூட்டத்தோடு சேர்ந்து குரல் கொடுங்கள். மூச்சை வெளியே விடும்போது நாமம் வரட்டும், இல்லாவிட்டால் மூன்றாவது கோயிலான திற்பரப்பு போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கும்.