மலையிலிருந்து பிரிஸ்பேன் வந்தவர்களுக்கு: தலைக்கு மேலே இருக்கும் தூசியைக் கவனியுங்கள்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் புதிதாக வந்திருக்கும், வரப்போகும் நீலகிரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை, வங்கிக் கணக்கு, பஸ் கார்டு பற்றியெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். சீலிங் ஃபேனைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

விடுமுறைக்கு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். தங்கை அடுத்த மாதம் பிரிஸ்பேனுக்குப் படிக்கப் போகிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. ஃபேனை எப்படித் துடைப்பது என்று காட்டலாம் என்று பார்த்தால், எங்கள் வீட்டில் ஃபேன் மாட்டும் கொக்கிகூடக் கிடையாது. குன்னூர், ஊட்டிப் பக்கம் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான். நமக்குத் தெரிந்த தொல்லை பூசணம். மழைக்காலத்தில் சுவரில், பீரோத் துணியில், தோல் செருப்பில் வருமே, அது. நாங்கள் சிறுவயதில் பார்த்த ஒரே பெரிய ஃபேன், அப்பா வேலை செய்த டீ ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்றடிப்பது. வீட்டுக்குள் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை.

பிரிஸ்பேனில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புழுக்கம் தாங்காது, ஃபேன் ராத்திரி முழுக்க ஓடும். குளிர்காலத்தில் நிறுத்திவிடுவோம். நான் போன முதல் வருடம் குளிர் முடிந்து அக்டோபரில் சுவிட்சைப் போட்டேன். தூசி கட்டி கட்டியாக மெத்தைமேல் விழுந்தது. இரண்டு நாள் இருமினேன். அந்த வீட்டைக் காலி செய்தபோது ஏஜென்ட் ஃபேன் இறக்கையின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சுத்தம் செய்யும் செலவு என்று பாண்ட் பணத்தில், அதாவது வாடகைக்கு வரும்போது கட்டிய முன்பணத்தில், பிடித்தம் கேட்டார்.

வேகமாகச் சுற்றும் இறக்கையில் தூசி எப்படித் தங்கும் என்று தோன்றும். இறக்கையை ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலம் கிட்டத்தட்ட அசையாமல் இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது, அதனால் அங்கே உட்கார்ந்த துகளைக் காற்று அடித்துக்கொண்டு போவதில்லை. காற்றைக் கிழித்துப் போகும் முன் விளிம்பில்தான் அதிகம் சேரும். நாம் தாளிக்கும் எண்ணெய்ப் புகை அதன்மேல் படிந்துவிட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உலர்ந்த துணிக்கு அது வராது. ஆகவே அது பிசுக்காகும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

எடுக்க ஒரு பழைய தலையணை உறை போதும். ஃபேனை நிறுத்துங்கள். ரிமோட்டில் ஓடும் ஃபேன் என்றால் வீட்டு சுவிட்ச் போர்டிலேயே மின்சாரத்தை நிறுத்துங்கள். நீங்கள் மேலே நிற்கும்போது வேறு யாராவது பட்டனை அழுத்திவிடக் கூடாது. மெத்தைமேல் பழைய போர்வையை விரித்து, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மடக்கு ஏணியில்தான் ஏற வேண்டும். கட்டில்மேல் நாற்காலி வைத்து ஏறுவது வேண்டவே வேண்டாம், அந்த ஊரில் உங்களைத் தூக்கிவிட வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். உறையை இறக்கையின் மேல் மோட்டார் வரை நுழைத்து, மேலும் கீழும் லேசாகப் பிடித்தபடி உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும். இன்னொரு கையால் இறக்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள், அது வளைந்தால் ஃபேன் ஆடத் தொடங்கும். எல்லா இறக்கையையும் ஒரே தடவையில் முடியுங்கள். உறையை வெளியே கொண்டுபோய் உதறித் துவையுங்கள்.

ஒட்டடைக் கம்பால் தட்டிவிட்டால் போதாதா என்று அம்மா கேட்டார். வீசிங் இருப்பவர்களுக்கு அதுதான் ஆகாது. தட்டிய தூசி காற்றில் மிதந்து நேராக மூக்குக்குத்தான் வரும்.

பிசுக்கு ஏறிவிட்டதா? வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். மர இறக்கையாக இருந்தால் ஈரம் தங்கவிடாமல் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மோட்டார்மேல் தண்ணீரோ ஸ்பிரேயோ படவே கூடாது, அங்கே உலர்ந்த பிரஷ்தான். வெயில் காலத்தில் படுக்கையறை ஃபேனுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஹாலுக்கு மாதம் ஒரு தடவை என்று நான் வைத்திருக்கிறேன்.

கை எட்டாத மற்ற இடங்கள்: சமையலறை அலமாரியின் உச்சியில் செய்தித்தாளை விரித்து வையுங்கள். எண்ணெயும் தூசியும் அதில் படியும், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் தேய்க்கிற வேலையே இல்லை. ஏசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஜன்னல் சட்டத்தின் பள்ளத்துக்குப் பழைய டூத்பிரஷ். புகை அலாரத்தில் வேக்கம் கிளீனரின் பிரஷ் முனையை லேசாக வைத்து எடுங்கள், ஸ்பிரே எதுவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் பிறகுதான் தரை.

வீட்டுச் சாவி வாங்கிய அன்றே ஃபேனின் மேல்பக்கத்தைப் போட்டோ எடுத்து, தூசி இருந்தால், குடிபோகும்போது வீடு எப்படி இருந்தது என்று பதியும் வீட்டு நிலை அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். காலி செய்யும்போது அதுதான் உங்கள் சாட்சி. நான் அதைச் செய்யாததால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை.

சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள். இன்னும் மூன்று வாரம் கோத்தகிரியில்தான் இருப்பேன். பிரிஸ்பேனில் இரவு 10 மணி என்றால் இங்கே மாலை 5.30, அந்த நேரம் கண்டிப்பாகப் பதில் போடுகிறேன். தங்கையின் பெட்டியில் அம்மா பழைய தலையணை உறை இரண்டை மடித்து வைத்துவிட்டார்.