கங்காரு ‘கோட்டா’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ஆஸ்திரேலியாவில் வணிகத்துக்காகக் கங்காரு சுடுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த ஆண்டு இந்த இனத்தில் இத்தனை எடுக்கலாம் என்று மாநிலங்கள் அறிவிக்கின்றனவே, அந்த எண்ணுக்கு, அதாவது ஆங்கிலத்தில் சொல்லும் ‘கோட்டா’வுக்கு, ‘நிலைத்த அறுவடை ஒதுக்கீடு’ என்று போட்டிருக்கிறேன். திரும்பப் படித்தால் நெல் கொள்முதல் அறிக்கை மாதிரி இருக்கிறது. வேறு சொல் இருந்தால் தாருங்கள். ‘கங்காரு’வை மட்டும் தொட வேண்டாம். அது ஆஸ்திரேலியப் பழங்குடிகளான குகு யிமிதிர் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல், அப்படியே இருக்கட்டும்.

*

தம்பி, மூன்று சொல்லுமே இடிக்கிறது. கடைசியிலிருந்து வருகிறேன்.

‘ஒதுக்கீடு’ என்றதும் நம் காதில் இடஒதுக்கீடுதான் கேட்கும். ஒதுக்கியது என்றால் ஒருவருக்கு உரியது, நிரப்பப்பட வேண்டியது, நிரம்பாவிட்டால் குறை. இந்த எண் அப்படியா? நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சிவப்புக் கங்காருவுக்கு மதிப்பிட்ட விலங்குத்தொகையில் 17 சதவீதம், சாம்பல் கங்காருக்களுக்கும் வல்லரூ என்ற இன்னொரு கங்காரு வகைக்கும் 15 சதவீதம் என்பது வழக்கமான மேல் எல்லை. சுட்ட ஒவ்வொன்றின் உடலிலும் எண் போட்ட சீட்டு மாட்ட வேண்டும். எல்லைக்கு மேல் சீட்டு தரமாட்டார்கள். ஆனால் பல ஆண்டுகளில் பாதி எல்லையைக்கூடத் தொடுவதில்லை, ஏனென்றால் இறைச்சிக்கும் தோலுக்கும் அவ்வளவுதான் சந்தை. 2009இல் ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியதும் தொழிலே ஆடிப்போனது. நீங்கள் ‘ஒதுக்கீடு’ என்று எழுதினால், ‘ஒதுக்கீட்டில் பாதி வீண்’ என்று எந்தப் புண்ணியவானாவது தலைப்பு வைத்துவிடுவார். நில உச்சவரம்பு என்கிறோமே, அந்த ‘வரம்பு’தான் இங்கே வேண்டும்.

‘அறுவடை’ எனக்குப் பிடிக்கவே இல்லை. விதைத்தவன் அறுப்பான். இங்கே விதைத்தவர் யார்? வேலி போட்டு வளர்த்த மந்தையும் இல்லை. இரவில் ஒளிவிளக்கு அடித்துத் தலையில் சுடுகிறார்கள். அதற்கு வயல்காட்டுச் சொல்லை வைப்பது இரத்தத்தைத் துடைக்கிற வேலை என்று எதிர்ப்பவர்கள் சொன்னால் என்னால் மறுக்க முடியவில்லை. ‘வேட்டை’ என்றால் பொழுதுபோக்கு வாடை அடிக்கிறது. ‘பிடிப்பு’ மீனுக்குத்தான் சரி. நான் ‘கொள்’ என்பேன், எடுத்துக்கொள்வது என்ற பொருளில். ஆக, ‘கொள்வரம்பு’.

அப்புறம் ‘நிலைத்த’. உண்மையான சிக்கல் இதில்தான். ‘வளங்குன்றா’ என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது, கேட்க அழகு. ஆனால் கங்காரு குன்றும்! மழை பெய்து புல் வந்தால் பெருகும், வறட்சி வந்தால் செத்து விழும். 1982-83 வறட்சியில் கிழக்கு ஆஸ்திரேலியாவில் வானிலிருந்து எண்ணிய பகுதிகளில் சுமார் 40 சதவீதம் சரிந்தது. அது துப்பாக்கி செய்த வேலை அல்ல. நிலையாக நிற்காத ஒன்றுக்கு ‘நிலைத்த’ என்ற அடை எப்படிப் பொருந்தும்? மழை திரும்பும்போது அவையும் திரும்பி எழ முடியாதபடி சுட்டுவிடக் கூடாது, கேட்பது அவ்வளவுதான். அதனால்தான் நிலையான எண்ணாக வைக்காமல் விகிதமாக வைக்கிறார்கள். தொகை நீண்டகாலச் சராசரிக்கு மிகவும் கீழே போனால் விகிதத்தைக் குறைப்பார்கள், அல்லது அந்த மண்டலத்தையே மூடுவார்கள். இனம் எவ்வளவு தாங்கும் என்பதே கேள்வி. எனவே ‘தாங்கு கொள்வரம்பு’ என்று வைக்கலாமே.

இன்னொன்று. கட்டுரையில் ‘எண்ணிக்கை’ என்று எழுதாதீர்கள், ‘மதிப்பீடு’ என்று எழுதுங்கள். சமவெளியில் விமானம் தாழப் பறந்து, ஒரு பட்டைக்குள் தெரிபவற்றை எண்ணி, மரத்தடியில் படுத்து கண்ணுக்குத் தப்பியவற்றுக்கும் கணக்குச் சேர்க்கிறார்கள். கிரேம் காக்லி போன்ற சூழலியலாளர்கள் 1970களில் சீராக்கிய முறை. மலைப்பாங்கான இடத்துக்கு ஹெலிகாப்டர். இந்த ஆண்டு பார்த்ததை வைத்து அடுத்த ஆண்டுக்கு வரம்பு போடுகிறார்கள். இடையில் வறட்சி புகுந்தால், காகிதத்தில் இருக்கும் கங்காருவில் பல காட்டில் இருக்காது. சண்டை பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

*

அக்கா சொன்னது சரி. ஆனால் என் ஊரில் ளகரத்துக்கு மரியாதை கிடையாது. வாய்விட்டு வாசித்தால் ‘கொல்வரம்பு’ என்றுதான் கேட்கும். பேசாமல் ‘கோட்டா’ என்றே விடலாமே? ரயில் டிக்கெட் எடுத்தவர் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

*

ரயில் கோட்டாவும் ஒதுக்கி வைத்த இடம்தானே, ஐயா? அங்கேயே திரும்பிப் போகிறோம். ‘கொல்வரம்பு’ என்று கேட்டால் கேட்கட்டும், பொய் ஒன்றும் இல்லையே.

*

எல்லோருக்கும் நன்றி. ‘தாங்கு’ கொஞ்சம் கரடுமுரடு, அட்டவணைத் தலைப்பில் இடமும் பிடிக்கிறது. அதனால் முதல் தடவை மட்டும் முழுச்சொல், பிறகு ‘கொள்வரம்பு’. இப்போது முதல் வரி இப்படி:

“கோட்டா என்று வழங்கும் தாங்கு கொள்வரம்பு, ஓர் ஆண்டில் ஓர் இனத்தில் அதிகபட்சம் எத்தனை கங்காருக்களை வணிகத்துக்காகச் சுடலாம் என்பதைக் குறிக்கும், அத்தனையையும் சுட்டாக வேண்டும் என்பதை அல்ல.”

‘எடுக்கலாம்’ என்று எழுதியிருந்தேன். அக்காவின் கடிதத்தைப் படித்த பிறகு ‘சுடலாம்’ என்று மாற்றிவிட்டேன்.