பாலைவன கேம்பெய்ன்ல தண்ணிக்கு பஞ்சமே வரமாட்டேங்குது, என்ன பண்றது?

டைஸ்உருட்டி:
டி அண்ட் டி (ஆளுக்கொரு கேரக்டரா கதைக்குள்ள புகுந்து, டைஸ் உருட்டி ஆடற டேபிள் கேம்) அஞ்சாவது எடிஷன், 2014 ரூல்ஸ், கதையை நடத்தறது நான். பாலைவனத்துல எல்லாரும் நாக்கு வறண்டு தவிக்கணும்னு ஆசையா பிளான் பண்ணேன், மூணு செஷன் ஆச்சு ஒருத்தனும் தவிக்கல. வெயில்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 கேலன், நாலு பேருக்கு 8, ஆனா எங்க கிளெரிக் (சாமியார் மாதிரி மந்திரம் போடற கேரக்டர்) முதல் லெவல் ஸ்பெல், அதாவது மந்திரம், ஒண்ணை போட்டு 10 கேலன் வரவழைச்சுட்டு மிச்சத்துல மூஞ்சி கழுவிக்கறான். அந்த ஸ்பெல்லையே தடை பண்ணிடவா?

மணல்பூனை:
தடை பண்ணாதீங்க, அவன் அதுக்குன்னே கிளெரிக் எடுத்திருப்பான். ஸ்பெல்லை முழுசா படிங்க, தண்ணி திறந்த பாத்திரத்துலதான் வரும், இல்லன்னா மழையா கொட்டி மணலுக்குள்ள போயிடும். ஒரு தோல் பைக்கு அரை கேலன்தான், அப்போ 10 கேலனுக்கு 20 பை, நிரம்பின பை ஒண்ணு 5 பவுண்டு, யார் சுமக்கறது? ஒட்டகம் வாங்கினா அதுவும் குடிக்கும் 😄 ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான்னு கணக்கு இருக்குல்ல, அந்த ஸ்லாட்ல தினமும் ஒண்ணு தண்ணிக்கே போச்சுன்னா சண்டைல ஹீல் பண்ண ஒண்ணு கம்மி, சின்ன லெவல்ல அது பெரிய அடி.

கடைசிசொட்டு:
எக்ஸாஸ்ஷன்ல (கேரக்டரோட களைப்பு, லெவல் லெவலா ஏறும்) மட்டும் பாத்து. பாதி தண்ணி குடிச்சா டிசி 15 சேவ், அதாவது தப்பிக்க டைஸ் உருட்டி மொத்தம் 15 எடுக்கணும், இல்லன்னா ஒரு லெவல் களைப்பு, அதுக்கும் கீழன்னா சேவே கிடையாது, நேரா களைப்புதான், ஏற்கனவே களைச்சிருந்தா ரெண்டு லெவல் ஏறும், ஆறாவதுல ஆள் காலி. மூணாவது லெவல்லயே அட்டாக், சேவ் எல்லாம் டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி கம்மியானதை எடுக்கணும்). நான் இதை கவனிக்காம விட்டு ஒரு பார்ட்டியையே நடுவழில சாகடிச்சேன், அப்புறம் ரெண்டு மாசம் யாரும் விளையாட வரல.

மணல்பூனை:
@கடைசிசொட்டு அடப்பாவி

பகல்தூக்கம்:
தண்ணி கணக்கை விட வழிதான் முக்கியம்னு தோணுது. நேர் வழில கிணறு 3 நாள், ஆனா கொள்ளைக்காரங்க, சுத்து வழி 5 நாள், அங்க கிணறு வத்திடுச்சுன்னு ஒரு வதந்தி. இதை முன்னாடியே சொல்லிட்டு சும்மா உக்காருங்க, அவங்களே அரை மணி நேரம் சண்டை போட்டுப்பாங்க. 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில்ல தண்ணி இல்லாம போனா மணிக்கு ஒரு சேவ், மீடியம் ஹெவி ஆர்மர் போட்டா அதுலயும் டிஸ்அட்வான்டேஜ். எங்க பாலடின் (புனித வீரன் கேரக்டர்) பிளேட் கவசத்தை கழட்டி ஒட்டகத்துல கட்டினப்பதான் ஆம்புஷ் விட்டேன். 1991ல வந்த டார்க் சன் செட்டிங்கையும் (டி அண்ட் டியோட ஒரு பாலைவன உலகம்) பாருங்க, அங்க இரும்பே அபூர்வம், காசு கூட மண்ணுல சுட்டது.

டைஸ்உருட்டி:
திறந்த பாத்திரம்னு ஒரு வரி இருக்கறதையே நான் பாக்கல. அடுத்த செஷன்ல கொள்ளைக்காரங்க பணத்தை தொடமாட்டாங்க, பையை எல்லாம் கிழிச்சுட்டு ஓடிடுவாங்க.