பத்தியச் சாப்பாடு கைக்குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா?

கேள்வி (பர்மாவின் பெகுவிலிருந்து)

பெரியவர்களுக்கு வணக்கம். என் தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்து இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. அவளுடைய மாமியார் வீட்டில் 45 நாளைக்குத் தீட்டிய வெள்ளரிசிச் சோறு, உப்பு, பூண்டு, சுட்ட கருவாடு ஒரு துண்டு, இவற்றைத் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை. பருப்பு வாயு என்றும், கீரை குளிர்ச்சி என்றும், முட்டை தின்றால் பால் குடிக்கும் பிள்ளைக்கு மாந்தம் வரும் என்றும் விலக்கிவிடுகிறார்கள்.

மூத்தவளுக்கு ஆறு வயது. கோயில் வகுப்பில் நான்தான் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று ஐந்து முறை எழுதிய ‘ழ’வை இன்று புதிதாகப் பார்ப்பது போலப் பார்க்கிறாள்; பேசும்போதும் வாக்கியத்தைக் கோத்துச் சொல்லத் தடுமாறுகிறாள். அவளும் இதே பத்தியத்தில் வளர்ந்தவள்தான். இது உணவினால் வந்த குறையாக இருக்குமா? மாமியாரின் மனம் நோகாமல் நான் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில் 1 (ரங்கூனிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலி)

அம்மா, மூத்தவளைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கைக்குழந்தையைக் கவனியுங்கள். பிறந்த குழந்தை செலவிடும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. சர்க்கரையைச் சக்தியாக மாற்ற மூளைக்கு தயமின் என்னும் வைட்டமின் பி1 வேண்டும். உடம்பு இதைச் சில வாரங்களுக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை. தாயின் சாப்பாட்டில் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறைந்துவிடும். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு அது போய்விடுகிறது. வேகவைக்காத ஙாப்பி (பர்மியர்களின் புளித்த மீன் விழுது), வெற்றிலைப் பாக்கு, கடுந்தேநீர் ஆகியவை மிச்சமிருப்பதையும் கெடுக்கின்றன.

நான் வேலை பார்த்த வார்டுக்கு ஒருநாள் இரண்டு மாதக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். அது வாயை முழுக்கத் திறந்து, முகம் சிவக்க அழுதது. சத்தம் மட்டும் வரவில்லை. குரல் நரம்பு செயலிழந்திருந்தது. பி1 ஊசி போட்ட சில மணி நேரத்தில் மூச்சிரைப்பு தணிந்தது. பெரிபெரி என்னும் இந்த நோய் பர்மாவில் கைக்குழந்தைகளின் சாவுக்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்து வந்திருக்கிறது. குழந்தையின் அழுகை கம்மினாலோ, பால் குடிக்க மறுத்து வாந்தியெடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

நோய் வெளியே தெரியாவிட்டாலும் பாதிப்பு இருக்கலாம். 2003ஆம் ஆண்டு இஸ்ரேலில் ஒரு சோயா பால்மாவில் பி1 இல்லாமல் போனது. அதைக் குடித்தும் அப்போது நன்றாகவே தோன்றிய குழந்தைகளை ஐந்து முதல் ஏழு வயதில் சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் மொழியைப் புரிந்துகொள்வதிலும் வாக்கியம் அமைப்பதிலும் பின்தங்கியிருந்தார்கள். தங்கைக்கு பி1 மாத்திரை வேண்டுமென்று இன்றே சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பதில் 2 (மாண்டலேயிலிருந்து)

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் மூத்த பெண்ணுக்குப் பத்தியம்தான் காரணம் என்று இங்கிருந்தபடி யாரும் சொல்ல முடியாது; அப்படிச் சொல்லித் தங்கையின் மனத்தில் குற்ற உணர்ச்சியை ஏற்றிவிடாதீர்கள். முதலில் காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பாருங்கள். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கே கருவில் சேர்த்த இரும்புச்சத்து சுமார் ஆறு மாதத்துக்குத்தான் போதும். அதற்குப் பிறகும் கஞ்சித் தண்ணீரையே கொடுத்து வந்தால், நரம்பிழைகளின் மேலுறை உருவாவதும் நினைவாற்றலும் பாதிக்கப்படுகின்றன. இளையவளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் மசித்த முட்டை, மீன், ஈரல், பருப்பு என்று தொடங்கிவிடுங்கள்.

ஆறு வயதோடு எல்லாம் முடிந்துபோவதில்லை. 1980களின் பிற்பகுதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், வளர்ச்சி குன்றிய சிறு குழந்தைகளில் சிலருக்குப் பால்மாவும், சிலருக்கு வாரந்தோறும் வீட்டுக்கே வந்து விளையாட்டுப் பயிற்சியும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் இரண்டும் பெற்றவர்களே மிகவும் முன்னேறியிருந்தார்கள். வளர்ந்த பிறகோ விளையாட்டினாலும் பேச்சினாலும் வந்த பலனே நிலைத்திருந்தது. நீங்கள் அவளோடு உட்கார்ந்து பேசுவதும் மருந்துதான்.

பதில் 3 (தட்டோனிலிருந்து)

பத்தியத்தையே பழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆத்தா காலத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் நல்லெண்ணெயும் தாராளமாகக் கொடுத்தார்கள். சோறும் புழுங்கல் அரிசிச் சோறுதான். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நூறாண்டுக்கு முன் மலாயாவில் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. மாமியாரிடம் மருத்துவம் பேசாமல், “நம் பழைய பத்தியத்தையே முறையாகச் செய்வோம், அத்தை” என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பி1 மாத்திரை நேற்றே வாங்கிவிட்டோம். புழுங்கலரிசிக்கு அத்தை உடனே ஒப்புக்கொண்டார். தன் தாயும் அப்படித்தான் சமைத்தார் என்று அவரே சொன்னார். முட்டைக்கு இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. மீன் குழம்பு இன்று அடுப்பில் இருக்கிறது. மூத்தவளை வரும் செவ்வாய்க்கிழமை காது பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன்.